வகுப்பில் கலந்து பேச வைத்த அனுபவங்கள்: எழுதுங்களேன்

பொருளியல் ஆசிரியர்:
'வருகைப்பதிவு கட்டாயமாக இருக்க வேண்டுமா?' என்ற கேள்வியை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். நாலு நாலு பேராகக் குழு. அதில் இருவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. ஒரு சுற்று முடிந்ததும் பக்கம் மாறிப் பேச வேண்டும். கடைசியில் பக்கங்களை மறந்துவிட்டு நால்வரும் சேர்ந்து ஒரு முடிவை எழுத வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறைதான். அதோடு நான் கறாராக வைத்த விதி: எதிர்த்தரப்பு சொன்னதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர்கள் "ஆமாம்" என்றால்தான் பதில் பேசலாம்.

ஒரு குழுவின் அருகில் நின்றேன். இரவில் வேலைக்குப் போகும் மாணவி பேசி முடித்திருந்தாள். எதிர்த்தரப்பு மாணவன் அதைத் திருப்பிச் சொன்னான்.

"வேலைக்குப் போகிறவர்களுக்குச் சலுகை வேணும்னு சொல்ற, சரிதானே?"

"சலுகையா? நான் அதைக் கேட்கவே இல்லை. பாடம் தெரியுதான்னு பாருங்க, ஆள் உட்கார்ந்திருக்கானான்னு பார்க்காதீங்கன்னு சொல்றேன்."

அவன் மறுபடி முயன்றான், அதுவும் சரியாக வரவில்லை. ஒருவழியாக அவள் தலையாட்டியபோது அவன் குரலில் இருந்த வேகம் தணிந்திருந்தது. ஆய்வக வகுப்புக்கு வருகை கட்டாயம், விரிவுரைக்கு வேண்டாம் என்று எழுதினார்கள், காரணத்தோடு. வேறு சில குழுக்கள் 'பாதிக்குப் பாதி' என்று எழுதி நீட்டின. அது முடிவே இல்லை, நழுவல்.

வரலாற்று ஆசிரியை:
என் வகுப்பில் தலைவலியே மௌனம்தான். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை, 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். செய்து பாருங்கள், அந்த 3 நொடி யுகமாகத் தெரியும்! இப்போது முதலில் எழுதச் சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்கிறேன், அப்புறம்தான் பொதுவில். எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொள்ளும் பையனைக் குறிப்பெடுக்க உட்கார வைத்தேன். "நீங்க சொன்னது இதுதானே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எழுதினான்.

முதுகலை மாணவி:
மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. அதனால் எல்லோரும் பேசினோம், யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் எந்தப் பக்கம் என்பதும் அவர் முகத்திலேயே தெரியும். இன்னொன்று, பக்கம் மாறிப் பேசுவது எல்லாத் தலைப்புக்கும் ஒத்துவராது. என்னைப் போன்றவர்களுக்குச் சம உரிமை தரலாமா என்பதே தலைப்பானால், 'தர வேண்டாம்' என்று நான் எப்படி வாதாடுவது?

பொருளியல் ஆசிரியர்:
நியாயமான கேள்வி. உரிமையை நான் தலைப்பாக வைப்பதில்லை. நிதி, விதி, நேர ஒதுக்கீடு போன்றவைதான், அதுவும் இப்போதெல்லாம் குறைந்தது மூன்று வழிகளோடு. இரண்டே வழி இருந்தால் உடனே பட்டிமன்றம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு வழிக்கும் கீழே 'இதற்காக எதை இழக்கத் தயார்?' என்று எழுத ஓர் இடம் விடுகிறேன். மதிப்பெண் அந்த இடத்துக்கு மட்டும்.