மக்காச்சோளத் தட்டை வெட்டும் மெஷின்: காய்ந்த தட்டை வெட்டுப்படாமல் சாய்கிறது

கேள்வி: இறுதியாண்டு மாணவர், பெரம்பலூர்

வணக்கம். மெக்கானிக்கல் படிக்கும் நான்கு பேர் சேர்ந்து, கதிர் ஒடித்த பிறகு நிற்கும் மக்காச்சோளத் தட்டையை அறுக்க ஒரு மெஷின் செய்கிறோம். கையால் தள்ளிக்கொண்டு போகும் வண்டி. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்காக.

196 சிசி பெட்ரோல் என்ஜின், நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறது. என்ஜினில் 4 இன்ச் புல்லி, டிஸ்க்கில் 8 இன்ச். டிஸ்க்கில் எதிரெதிரே இரண்டு பிளேடு, முனைக்கு முனை 300 மிமீ. பச்சைத் தட்டை சுத்தமாக வெட்டுப்படுகிறது. காய்ந்த தட்டையில் பாதி சாய்ந்து வண்டிக்கு அடியில் போய்விடுகிறது, சிலது வேரோடு வருகிறது. பெரிய என்ஜின் போட வேண்டுமா? இதே மெஷின் பருத்தி மாருக்கும் (பஞ்சு எடுத்த பிறகு நிற்கும் செடி) ஆகுமா?

பதில்: பட்டறைக்காரர், துறையூர்

தம்பி, என்ஜினுக்குச் செலவு செய்யாதீர்கள், இருப்பதே தாராளம். குறை பிளேடின் வேகத்தில் இருக்கிறது. அதைவிட, தட்டையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததில் இருக்கிறது. அருவாளால் அறுக்கிறவர்களைப் பாருங்கள். இடது கை தட்டையைப் பிடித்த பிறகுதான் வலது கை இழுக்கும். உங்கள் மெஷினுக்கு வலது கை மட்டும்தான் இருக்கிறது.

பச்சைத் தட்டைக்குள் தண்ணீர் நிறைய. அந்தக் கனத்தால் அடி விழும் நேரத்துக்குள் அது நகர முடியாது. காய்ந்ததும் கனம் குறைகிறது, வேர்ப்பிடிப்பும் தளர்கிறது, மேல்தோல் மட்டும் கெட்டியாக நிற்கிறது. அப்போது மெதுவாக அடித்தால் சாயத்தான் செய்யும்.

உங்கள் கணக்குப்படி டிஸ்க் 1500 சுற்று, பிளேடு முனை வேகம் நொடிக்கு 23.5 மீட்டர். என்ஜினில் 5 இன்ச், டிஸ்க்கில் 6 இன்ச் புல்லி மாற்றினால் 2500 சுற்று, 39 மீட்டர் கிடைக்கும். ஆனால் பிளேடு போல்ட் மேல் வரும் இழுவை கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆகிவிடும். இப்போதுள்ள போல்டை நம்பி இதைச் செய்யாதீர்கள்.

வேகத்தைக் கூட்டும் முன்பு எதிர் பிளேடு ஒன்று வையுங்கள். தட்டை எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கம், டிஸ்க்குக்குச் சற்றுக் கீழே, அசையாமல் நிற்கும் ஒரு பட்டை. இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். முன்னால் வி வடிவில் இரண்டு கம்பி வைத்தால் தட்டை தானாக அந்த வாய்க்குள் வரும். இதிலேயே உங்கள் பிரச்சினை பெரும்பகுதி தீரும் என்று நினைக்கிறேன்.

பிளேடுக்கு லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டை நல்லது. நெருப்பில் வைத்து அடித்தால் எண்ணெயில் தோய்த்துவிட்டு, மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் இறக்க வேண்டும். அதை விட்டால் கல்லில் பட்டதும் கண்ணாடியாகத் தெறிக்கும். டிஸ்க்கோடு வெல்டு வைக்காதீர்கள். ஒற்றை போல்டில் ஆடுகிற மாதிரி மாட்டினால் கல் பட்டதும் பின்வாங்கிக்கொள்ளும். பிளேடின் வெட்டும் விளிம்பை 30 டிகிரி அளவில் சாணை பிடியுங்கள்.

பதில்: விவசாயி, வேப்பந்தட்டை

தம்பிகளா, வெட்டிய தட்டை எங்கே விழும் என்று யாருமே பேசவில்லையே. எங்களுக்கு அது மாட்டுத் தீவனம். எல்லாம் ஒரே பக்கமாக, தலை ஒரே திசையில் விழுந்தால்தான் பொம்பளைங்க அள்ளிக் கட்டுப் போட முடியும். கண்டபடி விழுந்தால் அறுக்கிற கூலி மிச்சமாகி, பொறுக்குகிற கூலியாகப் போய்விடும்.

அப்புறம் அடிக்கட்டை. சாய்வாகக் கூராக நின்றால் செருப்பைக் குத்திக்கொண்டு காலில் ஏறும். நாலு விரல் உயரத்துக்கு மேல் விடாதீர்கள். நாங்கள் 60 சென்டிமீட்டர் இடைவெளிப் பாரில் நடுகிறோம். வண்டி அதற்குள் நுழைந்து, வரப்போரம் ஒரே ஆள் திருப்ப முடிய வேண்டும். எடை எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை.

கேள்வி கேட்டவர்

அக்கா, என்ஜினோடு 58 கிலோ. சாய்த்து விட ஒரு பக்கம் வளைந்த தகடு வைத்துப் பார்க்கிறோம். அண்ணே, நிமிடத்துக்கு 40 மீட்டர் நடந்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்று இப்போதுதான் போட்டேன். 1500 சுற்றில் 27 மிமீ, 2500-இல் 16. பிளேடு இரண்டு என்பதால் ஒரு வெட்டுக்கு அதில் பாதி.

பதில்: ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்

பருத்திக்கு இந்த மெஷின் வேண்டாம். பருத்தி மாரை வெட்டிவிட்டால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் தண்டு கூன்வண்டுக்கும் அடுத்த பருவம் வரை இடம் கிடைத்துவிடும். பிடுங்கத்தான் வேண்டும். மதராஸ் மாகாணத்தில் 1919-இல் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் வந்தபோது, அறுவடை முடிந்த பருத்திச் செடியைப் பிடுங்கச் சொல்லியே உத்தரவு போட்டார்கள். வேர்ப்பக்கம் கவ்வி மேலே இழுக்கும் கருவி தனி வேலை, அடுத்த அணிக்கு நல்ல தலைப்பு. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

பதில்: பட்டறைக்காரர், துறையூர்

கணக்கு சரிதான் தம்பி. புல்லி மாற்றும் முன்பு டிஸ்க்கைச் சுற்றி 3 மிமீ தகட்டில் கவசம், பின்னால் லாரி மட்கார்டு ரப்பர். கைப்பிடியை விட்டால் பெல்ட் தளர வேண்டும், டிஸ்க்கில் பிரேக் பிடிக்க வேண்டும், இரண்டும் ஒரே லீவரில். பெல்ட் தளர்ந்த பிறகும் டிஸ்க் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பிரேக்கை விட்டுவிடாதீர்கள். இது முடிந்ததும் படம் போடுங்கள், போல்ட் அளவு சொல்கிறேன்.