லிஸ்பன் போய்த் திரும்பிய வளையல்கள்

மட்காவ்வாசி:

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோவாவில், மட்காவில்தான் குடியிருக்கிறோம். இங்கே வயதானவர்களிடம், இந்தியப் படை வந்து போர்த்துகீசிய ஆட்சி முடிந்த 1961 டிசம்பரைப் பற்றிக் கேட்டால் விமானச் சத்தம், தகர்க்கப்பட்ட பாலங்கள், இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போன போர்த்துகீசிய அதிகாரிகள் என்று நிறையச் சொல்வார்கள். வங்கியில் இருந்த நகைகளின் கதையை மட்டும் லேசில் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டி சொல்லித்தான் எனக்கே தெரியவந்தது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்னவென்று சுருக்கமாக. போர்த்துகீசிய காலத்தில் கோவாவின் பெரிய வங்கி பாங்கோ நாசியோனால் உல்த்ராமரினோ. 1864-ல் லிஸ்பனில் தொடங்கியது. கோவாவில் புழங்கிய ரூபாய் நோட்டையும் அதற்குப் பின் வந்த எஸ்குடோ நோட்டையும் வெளியிட்டதே இந்த வங்கிதான். மக்கள் நகையை அடகு வைத்துக் கடன் வாங்கியதும் அங்கேதான். இந்தியப் படைகள் எல்லையில் குவிந்துகொண்டிருந்த நாட்களில், அடகு நகைகளைப் பெட்டிகளில் கட்டி லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி இரவு கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா சரணடைந்தார். கட்டிடம் இருந்தது, கணக்குப் புத்தகங்கள் இருந்தன, நகை இல்லை. கடனை அடைத்து நகையை மீட்கலாம் என்று பணத்தோடு போனவர்களுக்கும் எடுத்துக் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆன்ட்டியின் அண்ணன் மொசாம்பிக்கில் லோரென்ஸோ மார்க்கிஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் கோவா இளைஞர்களுக்கு ஆப்பிரிக்கா பழகிய வழி. கப்பல் செலவுக்காக அம்மாவின் நான்கு வளையல்களும் ஒரு சங்கிலியும் அடகுக்குப் போயின. அம்மாவுக்குத் தாய்வீட்டில் போட்ட நகை அது. சீட்டு எழுதியது அப்பா பெயரில்! இந்த ஒரு விஷயம் என்னவெல்லாம் செய்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத பகுதி.

அண்ணன் பணம் அனுப்ப ஆரம்பித்த நேரத்தில் நகை கடல் தாண்டிவிட்டது. யாரிடம் கேட்பது? இந்தியா லிஸ்பனில் இருந்த தன் தூதரகத்தை 1953-லேயே மூடிவிட்டது. போர்த்துகல் அரசோ கோவா தன்னுடைய மாநிலம்தான், இந்தியா அதை ஆக்கிரமித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. லிஸ்பன் நாடாளுமன்றத்தில் கோவாவுக்கு உறுப்பினர்கள்கூடத் தொடர்ந்து இருந்தார்கள். 1974 ஏப்ரலில் அங்கே சர்வாதிகாரம் விழுந்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த வருடம் டிசம்பர் 31-ல் கோவா இந்தியாவின் பகுதி என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சரி, இனி நகை வந்துவிடும் என்று ஊரே நினைத்ததாம். அதற்குப் பிறகும் பதினாறு, பதினேழு வருடம் போனது. நகைகள் திரும்பி வந்தது 1991-ல்.

இடைப்பட்ட முப்பது வருடத்தில் பவுன் விலை எங்கே போனது என்று யோசித்துப் பாருங்கள். 1961-ல் ஏறக்குறைய நூறு ரூபாய். 1991-ல் 2,700 ரூபாயை ஒட்டி. ஒரு கப்பல் டிக்கெட்டுக்காக வைத்த நகை, மீட்கும்போது அந்தக் குடும்பத்தின் பெரிய சொத்தாகியிருந்தது. அதனாலேயே பங்குப் பேச்சும் பெரிதானது.

ஆன்ட்டியின் அப்பா எழுபதுகளிலேயே தவறிவிட்டார். அம்மா 1986 வாக்கில். அடகுச் சீட்டை அம்மா கடைசிவரை ஞானஸ்நானச் சான்றிதழ்களோடு ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். சீட்டு முழுக்கப் போர்த்துகீசிய மொழி. பேரப்பிள்ளைகள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, பாதிரியாரிடம் கொண்டுபோய் வாசித்து வாங்கினார்களாம். சீட்டில் அப்பா பெயர் இருந்ததால் அப்பாவின் வாரிசுகள் யார் யார் என்று நோட்டரி முன்னால் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. கோவாவில் இன்றும் 1867-ஆம் வருடத்துப் போர்த்துகீசிய சிவில் சட்டத்திலிருந்து வந்த வழக்கம்தான். தனியாக ஒப்பந்தம் எழுதாவிட்டால் புருஷன் சொத்து, பெண்டாட்டி சொத்து இரண்டும் பொது. ஆளுக்குப் பாதி. பிள்ளைகளின் பங்கிலும் அவரவர் துணைக்கு உரிமை உண்டு. ஆகவே அண்ணனும் அண்ணியும், பம்பாயில் இருந்த தங்கையும் அவர் கணவரும், ஆன்ட்டியும் அங்கிளும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் குடும்பம் அப்போது லிஸ்பனிலேயே குடியேறியிருந்தது. நகை லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்தது, அதை வாங்குவதற்கான அதிகாரப் பத்திரமும் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வர வேண்டியிருந்தது.

அம்மாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. போட்டு வளர்ந்த நகை, பிள்ளைக்காகக் கழற்றிக் கொடுத்த நகை. அவர் உயிரோடு இருந்திருந்தாலும் அப்பாவின் விதவை என்றுதான் வரிசையில் நின்றிருப்பார். எனக்கு இது பொறுக்கவில்லை. நம் ஊரிலும் எத்தனை வீட்டில் அம்மா நகை அப்பா பெயரில் அடகில் கிடக்கிறது!

ஆன்ட்டி வளையல்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாராம். ஒன்றில் திருகாணி உடைந்து தட்டான் வேறு நிறப் பொன்னால் பற்றவைத்திருந்தார், அது அப்படியே இருந்தது. உருக்காமல், விற்காமல் வைத்திருந்தார்கள் என்பதை அவர் பலமுறை நன்றியோடு சொன்னார். சங்கிலியை விற்றுப் பணமாகப் பிரித்துக்கொண்டார்கள். மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு வளையல். நான்காவது யாருக்கு என்பதில் வந்த மனக்கசப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

உங்கள் குடும்பங்களில் இப்படி ஏதும் நடந்ததா? பர்மா, மலேயா போனவர்கள் வீடுகளில் கண்டிப்பாக இருக்கும்.

கோட்டையூர்ப் பேரன்:

இருக்கிறது. எங்கள் ஐயா ரங்கூனில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பெரிய லேவாதேவிச் செட்டியார்கள் 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோதே பாதியை இழந்தார்கள். 1948-ல் சுதந்திரம் வந்ததும் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு அடி விழுந்தது ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில். 1963-ல் வங்கிகளை எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வருடம் கடைகளை. 1964 மே மாதம் 50, 100 சாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். கையிலிருந்த காசு போனது. மிச்சம் நகைதான், அதையும் கப்பலில் எடுத்துவர விடவில்லை. அப்பத்தா தாலியோடு வந்தார்கள். மற்றதையெல்லாம் புறப்படுமுன் ஓரிடத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தார்கள். ஐயா இருந்தவரை எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். வரவில்லை. ரசீதில் எழுதியிருந்தது "மஞ்சள் உலோக ஆபரணம், ஒரு பொட்டலம்" என்பது மட்டும். எடை இல்லை, எத்தனை உருப்படி என்றும் இல்லை. அப்பத்தா அதில் என்னென்ன இருந்தது என்று வரிசையாகச் சொல்வார்கள். அட்டிகை, ஒரு ஜோடி காப்பு, பெண் பிள்ளைக்குச் செய்துவைத்த தோடு.

உங்கள் ஆன்ட்டிக்குக் கிடைத்ததே என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பழைய கேஷியர்:

வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அடகு வைத்த நகை எப்போதும் வைத்தவருடையதுதான், வங்கிக்கு அதன் மேல் கடன் தொகை அளவுக்குத்தான் உரிமை. நம் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில், கெடு தவறினாலும் முன்னறிவிப்புக் கொடுக்காமல் விற்க முடியாது. லிஸ்பனில் இருந்தவர்கள் அறிவிப்பை அனுப்ப நினைத்திருந்தாலும் யாருக்கு, எந்த முகவரிக்கு அனுப்புவார்கள்? அங்கே எந்தச் சட்டப்படி வைத்திருந்தார்களோ, பொருள் உருப்படியாகத் திரும்பியது பெரிய விஷயம்.

ரங்கூன் ரசீது விஷயம் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. எடையும் உருப்படி விவரமும் இல்லாத ரசீதை வைத்து எந்த நாட்டிலும் வாதாடுவது கடினம். நாங்கள் ஒரு மூக்குத்தி என்றாலும் மொத்த எடை, கல் கழித்த எடை, உருப்படி என்று மூன்றையும் சீட்டில் எழுதாமல் பைக்கு சீல் வைக்க மாட்டோம்.

மட்காவ்வாசி, ஒரு சந்தேகம். முப்பது வருட வட்டி கேட்டார்களா?

மட்காவ்வாசி:

ஆன்ட்டிக்கு அது தெரியவில்லை. பணம் கட்டியதெல்லாம் அங்கிள் பார்த்துக்கொண்டாராம், அவர் இப்போது இல்லை. வாஸ்கோவில் இருக்கும் அங்கிளின் தம்பிதான் அப்போது கூடப் போனவர். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். சீட்டின் நகல் அவரிடம் இருந்து, அவர் சம்மதித்தால், பெயர்களை மறைத்து இங்கே போடுகிறேன். எடை எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.