பால்டர்ஸ் கேட்: திருடன் இல்லாத குழுவும் ஒரு குழுவா?

பொறிவேட்டை எழுதியது:

இந்த மன்றத்தின் வேறொரு விவாதத் திரியில் நண்பர் இரும்புக்கவசம் எழுதிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 1998-இல் பயோவேர் உருவாக்கிய கணினி விளையாட்டான முதல் பால்டர்ஸ் கேட்டை இப்போதுதான் தொடங்கியிருக்கும் புதுவரவு என்ற உறுப்பினர், ஆறு பேர் கொண்ட குழுவைச் சமநிலையோடு அமைப்பது எப்படி என்று பணிவாகக் கேட்டிருந்தார். அதற்கு இவர் தந்த அருள்வாக்கு இது: "நான்கு போர்வீரர்கள், ஒரு மந்திரவாதி, ஒரு கிளெரிக் இருந்தால் போதும். திருடனுக்குக் கொடுக்கும் இடம் தண்டம். பொறிகளைக் கிளெரிக்கின் ஃபைண்ட் ட்ராப்ஸ் மந்திரமே பார்த்துக்கொள்ளும்."

ஐயா, அந்த மந்திரம் பொறியைப் பார்க்கும், பார்த்துக்கொள்ளாது. கிளெரிக், அதாவது தெய்வத்திடமிருந்து மந்திர சக்தி பெறுபவர், அந்த இரண்டாம் நிலை மந்திரத்தை ஓதியதும் தரையில் பொறி, அதாவது மிதித்தால் தாக்கும் கண்ணி, இருக்கும் இடம் சிவப்பாக ஒளிரும், அவ்வளவுதான். அதைச் செயலிழக்கச் செய்யும் கை திருடனுக்கு மட்டுமே உண்டு. விளையாட்டில் திருடனின் திறனுக்கும் கிளெரிக்கின் மந்திரத்துக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள் என்பதற்காக, இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று நினைப்பது, பெயர் ராஜா என்பதால் ஒருவனிடம் போய் வரி கட்டுவதைப் போன்றது.

இரும்புக்கவசம் எழுதியது:

என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி. நான் புதியவர் ஒருவருக்குச் சொன்ன ஆலோசனையில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பொறி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போகலாம். சுற்ற முடியாத இடத்தில், உயிர்ப்புள்ளி அதிகமுள்ள ஒரு போர்வீரரை முன்னால் அனுப்பி அதை வெடிக்கவைத்துவிட்டு, கிளெரிக்கின் குணமாக்கும் மந்திரங்களால் காயத்தை ஆற்றிவிட்டு, எட்டு மணி நேரம் ஓய்வெடுத்து அந்த மந்திரங்களைத் திரும்பப் பெறலாம். இதைத்தான் 'பார்த்துக்கொள்ளும்' என்றேன்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். எதிரியைக் கொன்று பெறும் அனுபவப் புள்ளிகள் குழுவில் இருப்பவர்களுக்குச் சமமாகப் பிரிக்கப்படுகின்றன. பெரிய பாசிலிஸ்க் ஒன்றைக் கொன்றால் 7,000 புள்ளிகள். ஆறு பேர் இருந்தால் தலைக்கு 1,166, ஐந்து பேர் இருந்தால் 1,400. சண்டையில் பின்வரிசையில் நின்று வில்லை ஆட்டிக்கொண்டிருக்கும் திருடி இமோயெனுக்காக மற்ற ஐவரும் ஏன் வரி கட்ட வேண்டும்? வரி உவமையை நீங்கள்தான் தொடங்கினீர்கள்.

பொறிவேட்டை எழுதியது:

சுற்றிக்கொண்டு போகலாமா? எதைச் சுற்றிக்கொண்டு? பால்டர்ஸ் கேட் நகரத்தில் திருடர் சங்கத்துக்கு அடியில் இருக்கும் புதிர்ப்பாதையில் நீங்கள் நடந்திருக்கிறீர்களா, இல்லையா? அது டர்லாக்கின் கோபுரத்தைப் போல விரும்பினால் போகும் இடம் அன்று. கதையின் முதன்மை எதிரியான சாரவோக்கைத் துரத்திச் செல்லும் யாராக இருந்தாலும் அதைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கப்பால் கொலைக் கடவுளான பால் (Bhaal) என்பவரின் கோயிலில் நடக்கும் இறுதிச் சண்டையிலும் தரையெங்கும் பொறிகள் இருக்கின்றன. அங்கே சாரவோக்கிடம், "கொஞ்சம் பொறுங்கள், நாங்கள் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறோம்" என்று சொல்வீர்களா?

இவை கடைசி அத்தியாயத்துச் சங்கதி என்பீர்கள். அதற்கு வெகு முன்பே வரும் க்ளோக்வுட் காட்டுக்கு வாருங்கள். சிலந்திகள் வாழும் பகுதியில் என் முதல் ஆட்டத்தில் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. அப்போது நானும் உங்களைப் போலத் திருடனை மதிக்காதவன். போர்வீரன் கலீதை முன்னால் விட்டு ஒற்றையடிப் பாதையில் குழுவை நடத்தினேன். திடீரென்று திரை முழுவதும் வெள்ளை வலை விரிந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜஹீரா மட்டும் வலைக்கு வெளியே தனியாக நின்றாள். இடப்பக்கத்திலிருந்து ஒரு ராட்சதச் சிலந்தியும் எட்டர்கேப் என்னும் சிலந்திக்கூட்டாளிப் பிராணிகள் இரண்டும் அவசரமே இல்லாமல் நடந்து வந்தன. கலீதிடம் உயிர்ப்புள்ளிகள் ஏராளமாக இருந்தன. ஆனால் அசைய முடியாதவனுக்கு எத்தனை புள்ளி இருந்து என்ன பயன்? எல்லாப் பொறியும் அடித்துவிட்டுப் போவதில்லை, சில பொறிகள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அன்றுதான் கற்றேன்.

அடுத்த முறை இமோயெனை முன்னால் விட்டேன். பொறி தேடும் பொத்தானை அழுத்திவிட்டு, ஆறு விநாடிச் சுற்று ஒன்று முடியும்வரை அவளை நிற்கவைத்து, பிறகு நான்கு அடி, மறுபடி நிறுத்தம் என்று நகர்த்தினேன். சிவப்புத் திட்டு தெரிந்தது, சொடுக்கினேன், மறைந்தது. நிச்சயமாகப் பொறுமையைச் சோதிக்கும் நடைதான், ஆனால் எல்லாரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

அளவுகோல் எழுதியது:

இருவருக்கும் வணக்கம். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'சமநிலையான குழு' என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? எல்லாச் சூழலையும் சமாளிக்கும் குழுவையா, விரைவாக நிலை உயரும் குழுவையா, அல்லது நற்பெயர் ஏறினாலும் இறங்கினாலும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாத குழுவையா? இதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றுகிறது.

இரும்புக்கவசம் எழுதியது:

க்ளோக்வுட் கதை உருக்கமாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கிளெரிக்கிடம் ஃப்ரீ ஆக்‌ஷன் என்றொரு மந்திரம் இருப்பதை ஆசிரியர் ஏனோ குறிப்பிட மறந்துவிட்டார். அதை ஓதிவிட்டால் வலை ஒட்டாது. ஆக, மறுபடியும் கிளெரிக்தான் பார்த்துக்கொள்கிறார்.

மேலும், இந்த அறிவுரைகளையெல்லாம் வழங்குபவர் தன் ஆட்டத்தை எப்படி ஆடுகிறார் என்பது இங்குள்ள பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். பல்லாட்டக்காரர் முறையைத் திறந்து, ஆறு பேரையும் தானே உருவாக்கி, நல்ல எண்கள் விழும்வரை பகடையை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, இங்கே வந்து குழுச் சமநிலை பற்றி வகுப்பெடுக்கிறார். அப்படி ஆட வேண்டுமென்றால் ஐஸ்விண்ட் டேல் என்ற விளையாட்டு இருக்கிறது. அங்கே ஆறு பேரையும் நாமே உருவாக்குவதுதான் விதி.

பொறிவேட்டை எழுதியது:

ஃப்ரீ ஆக்‌ஷன் நான்காம் நிலை மந்திரம். அதை ஓதக் கிளெரிக் ஏழாம் நிலையை எட்டியிருக்க வேண்டும். அதற்கு 55,000 அனுபவப் புள்ளிகள் தேவை. விரிவாக்கம் சேராத மூல விளையாட்டின் உச்சவரம்பே 89,000 தான். ஊர் ஊராகச் சுற்றிப் புள்ளி சேர்க்கத் தெரியாத ஒரு புதியவர் க்ளோக்வுட்டுக்குள் நுழையும்போது அவருடைய கிளெரிக் ஏழாம் நிலையில் இருப்பார் என்று நீங்கள் மனசாட்சியோடு சொல்வீர்களா? எட்டியிருந்தாலும் அந்த நிலையில் அவருக்குக் கிடைக்கும் நான்காம் நிலை மந்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் குழுவிலோ ஆறு பேர். யாரை நடக்கவைப்பீர்கள், யாரை வலையில் விடுவீர்கள்?

பல்லாட்டக்காரர் முறையில் நான் ஆடியது ஒரே ஒரு முறை. அதையும் நானே இங்கே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேன். அதைத் தோண்டியெடுத்து வருகிறீர்கள் என்றால், கையில் வேறு சரக்கு இல்லை என்று பொருள். தம்பி, பொறியைக் காண்பது வேறு, செயலிழக்கச் செய்வது வேறு. இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இரும்புக்கவசம் எழுதியது:

தம்பி என்று அழைக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? நாம் இருவரும் இந்தத் தளத்தில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். வயதை நான் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை.

நிலாமுற்றம் எழுதியது:

நான் நடுவழி ஒன்றைச் சொல்லலாமா? இமோயெனின் அறிவு 17. எனவே திருடனாகச் சில நிலைகள் வளர்ந்தபின் அவளை மந்திரவாதியாக மாற்ற விதியே இடம் கொடுக்கிறது. ஒரே இடத்தில் திருடனும் மந்திரவாதியும் கிடைத்துவிடுவதால் இரும்புக்கவசம் அவர்களின் போர்வீரர்களுக்கும் இடம் மிஞ்சும். இரண்டாம் பாகத்தில் அவள் அப்படித்தானே வருகிறாள்?

பொறிவேட்டை எழுதியது:

நிலாமுற்றம், உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் இந்த யோசனை புதியவர்களைக் கிணற்றில் தள்ளும். மாறிய கணத்திலிருந்து அவளுடைய திருட்டுத் திறன்கள் அனைத்தும் உறங்கப் போய்விடும். புதிய வகுப்பின் நிலை பழைய வகுப்பின் நிலையைத் தாண்டிய பிறகே அவை விழிக்கும். திருடனாக ஆறாம் நிலையில் மாற்றினால், மந்திரவாதியாக ஏழாம் நிலையை எட்ட 60,000 புள்ளிகள் தேவை. அதுவரை உங்கள் குழுவில் இருப்பவள் பொறியும் தெரியாத, மந்திரமும் அரைகுறையாகத் தெரிந்த ஒருத்தி. மூன்றாம் நிலையிலேயே மாற்றினால் சீக்கிரம் விழித்துவிடும் என்பீர்கள். விழிக்கும், ஆனால் மூன்றாம் நிலைத் திறனோடு விழிக்கும். அதற்குமேல் அது வளரவே வளராது. அந்தத் திறனை வைத்துக்கொண்டு, தன் குடும்பத்தினரின் உருவத்தில் வந்த டாப்பல்கேங்கர்களைக் கொன்று மனம் பேதலித்துப்போன டர்லாக், இனி யாருமே நுழையக் கூடாது என்று பொறிகளால் நிரப்பிய கோபுரத்துக்குள் போய்ப் பாருங்கள்.

நேரடியாகத் திருடனை வளர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, அதை இங்கே யாரும் பேசுவதில்லை. 1999-இல் வந்த விரிவாக்கத்தின் உச்சவரம்பான 161,000 புள்ளிகளில் போர்வீரர் எட்டாம் நிலையோடு நின்றுவிடுகிறார். திருடன் பத்தாம் நிலையில் இருக்கிறான். 'தண்டம்' என்று சொல்லப்பட்டவன்தான் போர்வீரரைவிட உயரத்தில் இருக்கிறான்.

சொல்லாய்வன் எழுதியது:

திரியின் மையப்பொருளுக்கு வெளியே ஒரு வேண்டுகோள். திருடன், மந்திரவாதி, போர்வீரர் என்றெல்லாம் தமிழில் எழுதிவிட்டுக் கிளெரிக்கை மட்டும் ஏன் அப்படியே விடுகிறீர்கள்? 'பூசாரி' என்ற நல்ல சொல் இருக்கிறதே.

இரும்புக்கவசம் எழுதியது:

பூசாரி என்றால் கற்பூரத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. இவர் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு கதாயுதத்தால் மண்டையை உடைப்பவர்.

சொல்லாய்வன் எழுதியது:

எங்கள் ஊர்க் கோயில் பூசாரியை நீங்கள் பார்த்ததில்லை. அரிவாள் மீது நிற்பவருக்குக் கதாயுதம் எம்மாத்திரம்?

பொறிவேட்டை எழுதியது:

பூசாரியோ, மதகுருவோ, எந்தப் பெயரில் அழைத்தாலும் அவரால் பொறியைச் செயலிழக்கச் செய்ய முடியாது. காண மட்டுமே முடியும். திரியைத் திசைதிருப்ப வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

'சமநிலை' என்பதற்கு இன்னும் யாரும் பொருள் சொல்லவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இரும்புக்கவசம் எழுதியது:

திசைதிருப்புவது யார்? நான்காம் நிலை, ஆறாம் நிலை, 60,000 என்று எண்களை அடுக்கி மலைக்கவைப்பது நீங்கள். என் வாதம் எளிமையானது: திருடன் இல்லாமல் நான் மூன்று முறை ஆட்டத்தை முடித்திருக்கிறேன். பூட்டுகளை மந்திரவாதியின் நாக் மந்திரம் திறக்கும். அது தீர்ந்துபோனால் போர்வீரர் உடைப்பார். அந்தப் புதிர்ப்பாதையிலும் வாங்கிய அடியை வாங்கிக்கொண்டு நடந்தேன். மருந்துப் புட்டிகள் எதற்கு இருக்கின்றன, அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கவா? இமோயென் மீது உங்களுக்குள்ள பாசம் புரிகிறது. அவள் இளஞ்சிவப்பு உடையோடு வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராதுதான். அந்தப் பாசத்தைத் தத்துவமாக்க வேண்டாம். இரண்டாம் பாகத்தில் திருடனை நம்பிக் குழு அமைத்தவர்களுக்கு என்ன கதி ஆனது என்று யோஷிமோவைக் கேட்டுப் பாருங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

தயவுசெய்து யோஷிமோவைப் பற்றி இங்கே எழுதாதீர்கள். இந்தத் திரியைப் படிக்கும் புதுவரவு முதல் பாகத்தையே இன்னும் முடிக்கவில்லை.

இரும்புக்கவசம் எழுதியது:

2000-இல் வெளிவந்த விளையாட்டுக்கு இன்னும் எத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது? நான் எதையும் சொல்லவும் இல்லை, கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொன்னேன்.

பொறிவேட்டை எழுதியது:

வாங்கிய அடியை வாங்கிக்கொண்டு நடந்தேன் என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். அதாவது, பொறியை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. பொறிதான் உங்களைப் பார்த்துக்கொண்டது. மூன்று முறை முடித்தேன் என்பது ஒரு வாதமே அன்று; குடையில்லாமல் மூன்று முறை ஐப்பசி மழையில் வீடு வந்து சேர்ந்தவர் குடை தண்டம் என்று சொல்லலாமா? நனைந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? இளஞ்சிவப்பு உடையைப் பற்றிய கிண்டலுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவள் இல்லையென்றால் மாண்டரோன் இருக்கிறான், கோரன் இருக்கிறான். இருவரும் போர்வீரரும் திருடனுமாக ஒரே உடம்பில் வருபவர்கள். உங்களுக்குப் பிடித்த வாளையும் சுழற்றுவார்கள், பொறியையும் எடுப்பார்கள். இவர்களை ஒருமுறைகூடக் குறிப்பிடாமல், திருடன் என்றாலே பின்வரிசையில் வில் ஆட்டுபவள் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே, மூன்று முறை ஆடியதில் எத்தனை பேரிடம் பேசிப் பார்த்தீர்கள் என்பது தெரிகிறது.

புதுவரவு எழுதியது:

வணக்கம். கேள்வியைக் கேட்டது நான்தான். எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. என் நிலைமை சற்று வேறாக இருக்கிறது. ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டில் டார்னெஷ் என்றொரு மந்திரவாதி வந்து பேச்சுக் கொடுத்தான். அடுத்த நிமிடம் என் ஆள் பயந்து சுற்றிச் சுற்றி ஓடினான், இமோயென் இறந்துவிட்டாள். அவளை உயிர்ப்பிக்க அங்குள்ள கோயிலில் காசு கேட்கிறார்கள். கையில் அவ்வளவு இல்லை. என்ன செய்வது?

இரும்புக்கவசம் எழுதியது:

பார்த்தீர்களா? விடுதியின் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை உங்கள் திருடி. அந்தக் காசில் நல்ல கவசம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், புதுவரவு. உள்ளே கலீதும் ஜஹீராவும் காத்திருக்கிறார்கள்.

பொறிவேட்டை எழுதியது:

புதுவரவு, சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். டார்னெஷ் வாயைத் திறந்ததும் எல்லாரும் அவன் மீது அம்பு எய்து அவன் மந்திரத்தைக் கலையுங்கள். இரும்புக்கவசம் அவர்களே, அங்கே அவளைக் கொன்றது ஒரு மந்திரவாதி, பொறி அன்று. காண்பது வேறு, செயலிழக்கச் செய்வது வேறு என்ற வாக்கியத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இரும்புக்கவசம் எழுதியது:

சொல்லிவிட்டேன். மேலே ஏறிப் படியுங்கள். பார்த்துக்கொள்ளும் என்றால் பார்த்துக்கொள்ளும்.