மறு: ‘புரூஃப் ஆஃப் ஒர்க்’ – உழைப்புச் சான்றா, செலவுச் சான்றா?

அனைவருக்கும் வணக்கம். பிட்காயின் இயந்திரங்கள் கணக்குப் போட்டுக் காட்டும் ‘புரூஃப் ஆஃப் ஒர்க்’ என்ற சான்றுக்கு நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> உழைப்புச் சான்று என்பதே போதுமே. எளிது, எல்லோருக்கும் புரியும். இதில் எதற்கு அரசியல்?

ஐயா, நாம் சொற்பட்டியல் போடுவதே கிரிப்டோ பற்றியும் கட்டற்ற மென்பொருள் பற்றியும் இடதுசாரிகள் எழுதிய கட்டுரைகளைத் தமிழாக்கத்தானே. அந்தக் கட்டுரைகளில் உழைப்பு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை இருக்கிறது. உழைப்புச் சக்தி, உபரி உழைப்பு, உழைப்பு நேரம் என்று ஒரு குடும்பமே தமிழில் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. நடுவில் உழைப்புச் சான்றும் வந்து உட்கார்ந்தால், பிட்காயினின் மதிப்பு உழைப்பிலிருந்து பிறக்கிறது என்று மார்க்ஸே சொன்னதுபோல ஆகிவிடும். கட்டுரை ஆசிரியர் எதை மறுக்கிறாரோ அதையே நம் கலைச்சொல் பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரி, பிட்காயின் இயந்திரம் என்னதான் செய்கிறது? பரிவர்த்தனைகளை ஒரு தொகுதியாகக் கட்டி, அதன் தலைப்பில் ஓர் எண்ணை வைத்து, எந்தத் தரவையும் முன்கூட்டிக் கணிக்க முடியாத ஓர் எண்ணாக மாற்றும் எஸ்எச்ஏ-256 என்ற சார்பில் இரண்டு முறை போடுகிறது. வரும் விடை ஓர் இலக்கைவிடச் சிறியதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் எண்ணை மாற்றி மறுபடியும். இன்றைய இயந்திரம் ஒன்று நொடிக்குப் பல லட்சம் கோடி முறை இதையே செய்கிறது. தவறிய முயற்சிகளால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. குலுக்கலில் விழாத சீட்டுகள் அவை. இயந்திரங்கள் கூடினால் நாணயம் கூடுமா என்றால் அதுவும் கிடையாது. 2,016 தொகுதிகளுக்கு ஒரு முறை நிரலே கடினத்தைத் திருத்தி, தொகுதிக்குச் சுமார் 10 நிமிடம் என்ற கணக்குக்கே இழுத்து வந்துவிடும். விடையை முதலில் பிடிப்பவருக்கு 2009-ல் ஒரு தொகுதிக்கு 50 புது பிட்காயின் கிடைத்தது, 2024 ஏப்ரலுக்குப் பிறகு 3.125. இடையில் இயந்திர பலம் எத்தனையோ மடங்கு பெருகியிருக்கிறது. மார்க்சியக் கணக்கில் இந்தச் சிப்புகளெல்லாம் மாறா மூலதனம், அதாவது புது மதிப்பைப் படைக்காமல் தன் மதிப்பை மட்டும் கடத்தும் கருவிகள். அவற்றை உழைக்க வைத்துப் பார்ப்பது கவிதைக்கு அழகாக இருக்கலாம்.

இந்த உத்தியின் பூர்வீகமும் இதையே சொல்கிறது. 1992-ல் சிந்தியா டுவொர்க், மோனி நவோர் என்ற கணினி அறிஞர்கள் இருவரும் முன்வைத்தது எரிதங்களை, அதாவது வேண்டாத மொத்த மின்னஞ்சல்களை, தடுக்கும் ஒரு வழி. மின்னஞ்சல் அனுப்புபவர் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒருவருக்கு அனுப்பினால் உறைக்காது, லட்சம் பேருக்கு அனுப்பினால் கட்டுப்படியாகாது. 1997-ல் ஆடம் பேக்கின் ஹாஷ்கேஷும் அதே வழிதான். இரண்டிலும் நோக்கம் செலவு வைப்பது. ஆகவே என் முன்மொழிவு செலவுச் சான்று. கணக்கர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர்கள் புழங்குவது ரசீதும் செலவுச் சீட்டும், மோதல் வராது. இன்னொருவர் தந்த பணிச்சான்று வேலை மாறும்போது வாங்கும் கடிதம்போல இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

> அப்படியானால் விரயச் சான்று என்றே வைத்துவிடலாமே, தோழர்!

வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் கலைச்சொல்லை எதிர்த்தரப்பான பிட்காயின் ஆதரவாளர்களும் கூசாமல் பயன்படுத்த முடிய வேண்டும். பழைய பதிவைத் திருத்த நினைப்பவன் அத்தனை மின்சாரத்தையும் திரும்ப எரிக்க வேண்டும், நடுவர் யாரும் தேவையில்லை, ஆகவே அது விரயமே இல்லை என்பது அவர்கள் வாதம். விரயச் சான்று என்று வைத்துவிட்டால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

தவிர, இடதுசாரிகள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவுமில்லை. 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸுக்கு நன்கொடை போகும் வழியை அடைத்தன. 2011 ஜூனில் விக்கிலீக்ஸ் பிட்காயினில் நன்கொடை பெறத் தொடங்கியபோது, அட, இதில் ஏதோ இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தவர்களில் இடதுசாரிகளும் உண்டு. 2009 ஜனவரி 3-ல் உருவான பிட்காயினின் முதல் தொகுதிக்குள் வங்கிகளை அரசு மீண்டும் மீட்கப்போவது பற்றிய செய்தித் தலைப்பு ஒன்று பொதிந்திருக்கிறது. அந்தக் கோபம் பிட்காயின் ஆதரவாளர்கள், இடதுசாரிகள் என்ற இரு தரப்புக்கும் பொது. பணம் அச்சடிக்கும் உரிமையையே அரசிடமிருந்து பிடுங்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. அச்சடித்த பணம் யாருக்குப் போகிறது என்று கேட்கிறது மற்றது. 2.1 கோடிக்கு மேல் நாணயமே கிடையாது என்ற விதி முதல் தரப்புக்குத் தேன். எனக்கு அது பழைய தங்க மோகமாகத்தான் படுகிறது.

அடுத்தது ‘புரூஃப் ஆஃப் ஸ்டேக்’, அதாவது கணக்குப் போடுவதற்குப் பதில் நாணயத்தைப் பூட்டி வைத்துப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறை. பங்குச் சான்று வேண்டாம், பங்குச் சந்தைக்காரர்கள் அதைக் கேட்டதும் வேறொன்றை நினைப்பார்கள். பிணைச் சான்று என்கிறேன். எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வலை 2022 செப்டம்பர் 15 அன்று இந்த முறைக்கு மாறியது; மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சரிபார்ப்பவராக வேண்டுமானால் அதன் நாணயமான ஈதரில் குறைந்தது 32-ஐப் பூட்டி வைக்க வேண்டும், ஏமாற்றினால் அதில் வெட்டு விழும். அச்சு அசல் பிணைதான். பிணை கட்ட வசதி உள்ளவருக்கே அதிகாரம் என்ற இடதுசாரி விமர்சனத்துக்கும் சொல் இடம் கொடுக்கிறது.

‘புரூஃப் ஆஃப் கோ-ஆபரேஷன்’ என்றும் ஒன்று உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியக் கூட்டுறவு இயக்கத்தினர் 2014-ல் கையிலெடுத்த ஃபேர்காயின் என்ற நாணயம் 2017-ல் அதற்கு மாறியது. ஒத்துழைப்புச் சான்று என்று தயங்காமல் போடலாம்.

உழைப்பை எதற்கு மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன் என்றால், கட்டற்ற மென்பொருள் கட்டுரைகளில் அது நிஜமாகவே வேண்டியிருக்கும். உலகம் முழுக்கச் சர்வர்களில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலைப் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர் ஒருவர்தான் பராமரித்து வந்தார், சம்பளம் கிடையாது. அவர் களைத்துப்போயிருந்த நேரம் பார்த்து, உதவுகிறேன் என்று வந்த ஒருவர் மெல்ல நம்பிக்கை பெற்று உள்ளே திருட்டுக்கதவு வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் அது பிடிபட்டதே, உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால். கூலியில்லா உழைப்பு என்பதற்கு இதைவிடத் துல்லியமான இடம் ஏது? பிட்காயினும், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் வந்த திறமூல நிரல்தான், அதையும் மனிதர்கள்தான் எழுதிப் பராமரிக்கிறார்கள். ஒரே கட்டுரையில் அவர்கள் செய்வதும் உழைப்பு, சிப் செய்வதும் உழைப்பு என்றால் வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இதோடு ஒரு சின்ன வேண்டுகோள். சொற்பட்டியல் வரைவில் கட்டற்ற மென்பொருளும் திறமூலமும் ஒரே வரியில் இருக்கின்றன, பிரித்துவிடுங்கள். முன்னது 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்ததிலிருந்து வரும் பயனர் உரிமைக் குரல். பின்னது 1998-ல் நிறுவனங்களுக்கு ஏற்றாற்போல் சூட்டிய பெயர். இடதுசாரிகள் இரண்டில் ஒன்றைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இயந்திரத்தால் இப்படித் தொகுதி தேடும் வேலையான ‘மைனிங்’குக்கு நல்ல சொல் அகப்படவில்லை. அகழ்வு என்றால் மண்ணுக்கடியில் ஏதோ இருப்பதாகிவிடுகிறது. இப்போதைக்கு மைனிங் என்றே இருக்கட்டும். ஆனால் ‘மைனர்’ என்பதற்குச் சுரங்கத் தொழிலாளி என்று வரைவின் மூன்றாம் பக்கத்தில் இருப்பதை மட்டும் இன்றே நீக்கிவிடுங்கள். அவர் இயந்திரத்தின் முதலாளி.