சிங்கிள் பெட்ரூமா, டபுளா? குடும்பம் சிறுத்துவரும் காலத்தில் வாடகைக்கு விட வீடு வாங்குவது

கேள்வி: ஓஎம்ஆர்_காரன்

வாடகை வருமானத்துக்காகச் சென்னையில் ஒரு வீடு பார்க்கிறேன். கையில் 60 லட்சம், லோன் வேண்டாம். இரண்டு வீடு தேறியிருக்கிறது, இரண்டும் கைமாறுகிற பழைய வீடுதான். பெருங்குடி பக்கம் 450 சதுர அடி சிங்கிள் பெட்ரூம், விலை 38 லட்சம், வாடகை 13,000. மடிப்பாக்கத்தில் 850 சதுர அடி டபுள் பெட்ரூம், விலை 58 லட்சம், வாடகை 17,000. "இனிமே எல்லாம் சின்னக் குடும்பம், சின்ன வீட்டுக்குத்தான் மவுசு" என்கிறார் புரோக்கர். இதை நம்பி இறங்கலாமா?

பதில் 1: அடுப்புக்கணக்கு

புரோக்கர் சொன்னதில் முதல் பாதி சரி. 2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டு மக்கள்தொகை 6.24 கோடியிலிருந்து 7.21 கோடி ஆனது, அதாவது 15.6 சதவீத வளர்ச்சி. அதே பத்தாண்டில் குடும்பங்களின் எண்ணிக்கை 1.42 கோடியிலிருந்து 1.85 கோடிக்குப் போனது, சுமார் 30 சதவீதம். தலைகளைவிட அடுப்புகள் இரண்டு மடங்கு வேகமாகப் பெருகியிருக்கின்றன. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் சென்சஸ் ஒரு குடும்பமாக எண்ணுகிறது. வாடகைக்கு வீடு விடுகிறவருக்கும் அந்தக் கணக்குதான் வேண்டும், மக்கள்தொகை அல்ல.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.8, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. அண்ணன் தம்பி கல்யாணமானதும் தனிக்குடித்தனம் போகிறார்கள், பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் மட்டும் தனியாக.

ஆனால் அதே 2011 கணக்கெடுப்பில்தான் நாடு முழுக்கச் சுமார் 2.47 கோடி வீடுகள் காலியாகக் கிடந்ததும் தெரியவந்தது. குடும்பம் பெருகுகிறது என்பதற்காக உங்கள் தெருவில் உங்கள் வீடு நிறையும் என்று அர்த்தம் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் 2011-ஓடு நிற்பதால், தெரு நிலவரத்தை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பதில் 2: வாடகை_கணக்கர்

சிங்கிள் பெட்ரூமுக்கு ஒண்டிக்கட்டை வருவார் என்று நினைக்காதீர்கள். ஐடி வேலைக்கு வரும் பையனோ பெண்ணோ பிஜியில் ஒரு கட்டில் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து டபுள் பெட்ரூம் எடுப்பார்கள். 18,000 வாடகையை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 6,000. அவர் எதற்காகத் தனியாக 13,000 தரப்போகிறார்? சிங்கிள் பெட்ரூமுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமானவர்கள். குழந்தை பிறந்து ஊரிலிருந்து பாட்டி வந்தால் இடம் பத்தாது, காலி செய்துவிடுவார்கள். 11 மாத ஒப்பந்தம் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. டபுள் பெட்ரூம் குடும்பம் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டால் லேசில் நகராது.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். செலவுகள் என் மதிப்பீடு, உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சிங்கிள்: விலை 38 லட்சம். முத்திரைக் கட்டணம் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம் சேர்த்தால் 41.42 லட்சம். வருட வாடகை 1,56,000. அதில் ஒரு மாதம் காலி 13,000, பெயின்ட்டும் புரோக்கர் கமிஷனும் 12,000, வீட்டுவரியும் சில்லறை ரிப்பேரும் 6,000 போக மிச்சம் 1,25,000. அது போட்ட பணத்தில் 3 சதவீதம்.

டபுள்: 58 லட்சத்தோடு 9 சதவீதம் சேர்த்தால் 63.22 லட்சம். (பட்ஜெட் தாண்டிவிட்டது, கவனித்தீர்களா? 55 லட்சத்துக்குப் பேசி முடித்தால்தான் உங்கள் பணத்துக்குள் நிற்கும்.) வருட வாடகை 2,04,000. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் காலி என்றால் வருடத்துக்குச் சுமார் 6,000. மற்ற செலவு 20,000. மிச்சம் 1,78,000, அதாவது 2.8 சதவீதம்.

செலவைக் கழிக்காமல், வருட வாடகை விலையில் எத்தனை சதவீதம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் 4.1-க்கு 3.5 என்று தெரிந்த வித்தியாசம் உள்ளே போனதும் சுருங்கிவிட்டது. சிங்கிள் வருடத்தில் இரண்டு மாதம் காலி கிடந்தால் 2.7-க்கு இறங்கி டபுளுக்குக் கீழே போய்விடும். காலி கிடக்கும் மாதங்கள்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

வரியில் ஒன்று: வாடகையில் நீங்கள் கட்டிய வீட்டுவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு. பெயின்ட், கமிஷன் பில்லையெல்லாம் தனியாகக் காட்ட முடியாது.

பதில் 3: மூலப்பத்திரம்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரிடம் கடைசி ஒரு வருட ஈபி பில்லைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், ஆக ஆறு ரீடிங். அதில் இரண்டு மூன்று பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வீடு காலியாகக் கிடந்திருக்கிறது. "டெனன்ட் எப்பவுமே இருப்பாங்க" என்ற பேச்சைவிட அந்தச் சீட்டு நம்பகமானது.

மெயின்டனன்ஸ் சதுர அடிக்கா, வீட்டுக்கு இவ்வளவு என்றா என்று விசாரியுங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்றால் 450 சதுர அடிக்காரர்தான் அடிபடுவார். வாடகைக்கு வருபவர் 13,000-த்தையும் மெயின்டனன்ஸையும் கூட்டித்தான் பார்ப்பார். பேச்சிலருக்கு விடக்கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் ஏதும் இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது யூடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. அடுக்குமாடி எவ்வளவு உயரமோ, ஒரு வீட்டின் பங்குக்கு வரும் மண் அவ்வளவு குறைவு. கட்டடம் பழசாகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அப்போது உங்கள் பேரத்துக்குப் பலம் அந்த யூடிஎஸ்தான்.

மடிப்பாக்கம் வீடு தரைத்தளம், அல்லது லிஃப்ட் உண்டு என்றால் அதற்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது: தனியாக வாழும் வயதானவர்கள். பாத்ரூமில் வழுக்காத டைல்ஸும் கைப்பிடியும் போட்டுக் கொடுத்தால் வருடக்கணக்கில் இருப்பார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு அவர்கள் ஏறமாட்டார்கள்.

ஓஎம்ஆர்_காரன்: நன்றி. டபுள் பெட்ரூமை லேடீஸ் ஹாஸ்டல் நடத்துபவருக்கு மொத்தமாக விட்டால்? 22,000 தருகிறேன் என்கிறார் ஒருவர்.

மூலப்பத்திரம்: 2014 சட்டப்படி பெண்கள் விடுதிக்கு லைசென்ஸ் வேண்டும், முதலில் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தண்ணீர். தலைக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. நான்கு பேர் இருந்த வீட்டில் எட்டுக் கட்டில் போட்டால் 540 லிட்டர் 1,080 ஆகும். கோடையில் லாரித் தண்ணீர் செலவு பொதுக்கணக்கில் ஏறினால் பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? ஒத்துக்கொள்வதானால் அதிகபட்சம் இத்தனை கட்டில், தண்ணீர்ச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி, 2017 வாடகைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் எட்டு கட்டில் ஆறே மாதத்தில் பன்னிரண்டு ஆகிவிடும்.