இங்கிலாந்தில் இரண்டு மணி நேரம், தண்டையார்பேட்டையில் ஒரு நாள்: பிள்ளையின் பிறந்தநாளை எப்படிச் செய்வது?

கேள்வி: அக்கா, நாங்கள் சென்னை தண்டையார்பேட்டைக்காரர்கள். இங்கிலாந்துக்கு வந்து இது முதல் வருஷம். பையன் இங்கே பள்ளியின் முதல் வருஷமான ரிசப்ஷன் வகுப்பில் இருக்கிறான், ஆகஸ்டில் ஐந்து வயது முடிகிறது. வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்டு நம்ம ஊர் மாதிரி பிரியாணி போட்டுச் செய்யலாமா? ஆகஸ்டில் ஊருக்கும் போகிறோம். அம்மா அங்கேதான் பெரிதாகச் செய்யணும் என்கிறார்.

பதில்: தம்பி, இரண்டு இடத்திலும் செய்யுங்கள். ஆனால் ஒன்றை மற்றொன்றோடு கலக்காதீர்கள். இங்கே நடப்பது பிள்ளையின் விழா, அங்கே நடப்பது சொந்தக்காரர்களின் விழா. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு நேரம், என்ன சாப்பாடு எல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் இங்கே. பள்ளி வருஷம் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்பதால் ஆகஸ்டில் பிறந்தவர்கள்தான் வகுப்பிலேயே குட்டிப் பிள்ளைகள். ஜூலை கடைசியில் பள்ளி மூடிவிட்டால் பாதிக் குடும்பங்கள் ஊரில் இருக்காது. அதனால் ஜூலை ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை வையுங்கள், இல்லையென்றால் செப்டம்பர் நடுவில். முன்னாலேயே கொண்டாடக் கூடாது என்று அம்மா சொன்னால், நட்சத்திரத்துக்குத்தான் அந்தக் கணக்கு, கேக்குக்கு இல்லை என்று சமாளியுங்கள்.

சின்ன வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான் என்பது இங்கே சட்டம். அதனால் முழு வகுப்பு என்றாலும் முப்பதுக்குள்தான். கூப்பிட்டால் எல்லோரையும் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நெருங்கிய ஆறேழு பேரோடு நிறுத்துங்கள். நான்கைந்து பேரை மட்டும் விட்டுவிட்டால் திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் அந்தப் பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பது? அழைப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் இருக்க வேண்டும். 2 மணி முதல் 4 வரை என்றால் 2 மணிக்கே வந்துவிடுவார்கள், 4 மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தம்பி தங்கைகளும் வரலாமா, ஒவ்வாமை ஏதாவது உண்டா, எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், இந்த மூன்றையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். இந்த வயதில் பெற்றோரில் ஒருவர் பெரும்பாலும் கூடவே இருப்பார், அவர்களுக்கு டீ, பிஸ்கட் போதும்.

இடத்துக்கு சர்ச் ஹால், கம்யூனிட்டி சென்டர் பாருங்கள். மணிக்கணக்கில் வாடகை. பலூன் கட்டுவதும் கடைசியில் தரையைக் கூட்டுவதும் அந்த மணிக்குள்தான் வரும் என்பதால் முன்னும் பின்னும் அரை மணியாவது சேர்த்து எடுங்கள். நம்ம ஊரில் டப்பென்று வெடித்துக் காகிதம் கொட்டும் பாப்பர், நுரை ஸ்ப்ரே, பூவாணம்போல் சீறும் மெழுகுவர்த்தி எல்லாம் பல ஹால்களில் கூடாது. பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் காற்றடைத்த பவுன்சி காசில் வாடகைக்கு எடுத்தால், அதைச் சோதித்ததற்கான பிப்பா அட்டை உண்டா, காப்பீடு உண்டா என்று கேளுங்கள். ஹால்காரர்களும் கேட்பார்கள்.

சாப்பாட்டில்தான் நம்ம ஆட்கள் பிடிவாதம் பிடிக்கிறோம். வேண்டாம் தம்பி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு சாண்ட்விச், சீஸ் துண்டு, வெள்ளரிக்காய், சிப்ஸ், பழம் போதும். திராட்சையை முழுதாக வைக்காமல் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சின்னதுகளுக்கு முந்திரி, வேர்க்கடலை போன்ற கொட்டைகளை முழுதாகக் கொடுக்கவும் கூடாது. இந்த ஊர் உணவுச் சட்டம் 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்கிறது. வேர்க்கடலையும் முந்திரியும் அதில் இருப்பது ஆச்சரியமில்லை. எள்ளும் கடுகும்கூட இருக்கின்றன. நல்லெண்ணெயில் தாளித்த எதுவும் இந்த இரண்டிலும் மாட்டும். கேசரியில் முந்திரி. எனவே வீட்டில் செய்து எடுத்துப்போனால், என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் பக்கத்தில் வையுங்கள். முட்டையில்லாத கேக் வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

அங்கே கேக் வெட்டித்தான் விழா தொடங்கும், இங்கே கேக் வெட்டினால் விழா முடிந்தது என்று அர்த்தம். ஆளாளுக்கு ஊட்டிவிடுவதும் கன்னத்தில் க்ரீம் பூசுவதும் கிடையாது. ஒரு துண்டைத் தாளில் சுற்றிப் பார்ட்டி பேக்கில் போட்டு அனுப்பிவிடுவார்கள். பையில் கூடவே ஒரு பென்சில், சோப்புக் குமிழி டப்பா, ஒரு மிட்டாய் இருந்தால் போதும். எவர்சில்வர் டப்பா கொடுத்து மிரள வைக்காதீர்கள். வந்த பரிசுகளை அங்கேயே பிரிக்காமல் வீட்டுக்குப் போய்ப் பிரித்து, யார் எது கொடுத்தார் என்று எழுதிவைத்து, ஒரு நன்றி அட்டை அனுப்புங்கள். விளையாட்டுக்கு பாஸ் தி பார்சல் ஒன்று போதும்: பாட்டு ஓடும்வரை பொட்டலத்தைக் கைமாற்றுவார்கள், பாட்டு நின்றதும் அது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு சுற்றுத் தாளைப் பிரிப்பார். ஒவ்வொரு சுற்றுத் தாளுக்குள்ளும் ஒரு மிட்டாய் வைத்து, பாட்டை நிறுத்துகிற ஆள் கொஞ்சம் கள்ளத்தனம் செய்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முறை கிடைத்துவிடும்.

கேள்வி: சரி அக்கா. அப்போ ஊரில்?

பதில்: அங்கே உங்களுக்கு அதிர்ஷ்டம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, மினி ஹால்கள் சும்மா கிடக்கும். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாணக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஆனால் ஆடி ஞாயிறில் தேதி குறிக்கும் முன் ஒரு வார்த்தை விசாரியுங்கள். தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் நாளாக இருந்தால் பந்தல் தெருவை அடைத்திருக்கும், ஸ்பீக்கரில் உங்கள் ஹேப்பி பர்த்டே காதில் விழாது. காப்புக் கட்டியிருக்கும் வீட்டுக்காரர்கள் கறி தொட மாட்டார்கள் என்பதால் சைவத்துக்கும் ஒரு பாத்திரம் வேண்டும். மற்றபடி பாய் மாஸ்டரிடம் எத்தனை கிலோ அரிசிக்கு என்று சொல்லிவிட்டால் பிரியாணி, கத்திரிக்காய், தயிர் பச்சடி, பிரெட் அல்வா வந்து இறங்கிவிடும். வியாசர்பாடி பக்கம் விசாரித்து அத்தோ என்ற பர்மா நூடுல்ஸுக்கு ஒரு ஆளைப் போட்டால் பெரியவர்களே வரிசையில் நிற்பார்கள். பையனுக்கு மட்டும் தனியாகக் காரமில்லாமல் தயிர் சாதம் எடுத்து வைத்துவிடுங்கள், நடுவில் யாருக்கும் நினைவு வராது.

சொந்தக்காரர்கள் வர மெட்ரோ இருக்கிறது, 2021-லிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. குரோம்பேட்டை அத்தை இனி தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. அழைப்பில் 6 மணி போட்டால் கூட்டம் சேர எட்டாகும். பையன் அதற்குள் தூங்கி வழிவான், கால நேரம் மாறிய முதல் வாரத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் வந்து இறங்கிய அடுத்த நாளே வைக்காமல் ஒரு வாரம் விட்டு வையுங்கள். மதிய விருந்தாக வைத்தால் இன்னும் நல்லது. காலையில் திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு அர்ச்சனை, அதோடு அம்மாவின் நட்சத்திரக் கணக்கும் தீர்ந்தது.

ரிட்டர்ன் கிஃப்டுக்கு சவுகார்பேட்டை, பாரிமுனைத் தெருக்களில் மொத்த விலைக்கு வாங்குங்கள், அட்டை, காகிதம் என்றால் ஆண்டர்சன் தெரு. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும். மொய்க் கவர்களை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கிறது.

கேள்வி: திரும்பும்போது இங்கே செப்டம்பர் பார்ட்டிக்கு அங்கிருந்தே பொருள் வாங்கி வரலாமா?

பதில்: பலூன், தோரணம், காகிதத் தொப்பி தாராளமாக. பார்ட்டி பாப்பரும் கம்பி மத்தாப்பும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், பெட்டியில் போட்டாலும் சரி, கையில் வைத்திருந்தாலும் சரி. பால்கோவாவும் வேண்டாம், இந்தியாவிலிருந்து பால் பொருள்களை இங்கே கொண்டுவரக் கூடாது.