ஸ்பானிஷ் இமர்ஷன் சார்ட்டர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆஃப்டர்கேர் செலவைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது

கேள்வி: பெட்வொர்த் நர்ஸ்

வணக்கம். நாங்கள் வாஷிங்டன் டி.சி.யில் பெட்வொர்த் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஆகஸ்டில் நான்கு வயது முடிகிறது. கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டான பி.கே. 4 வகுப்புக்கு, பள்ளி இடங்களைக் குலுக்கலில் ஒதுக்குகிற மை ஸ்கூல் டி.சி. லாட்டரியில் போட்டிருந்தோம். முடிவு வந்துவிட்டது. இரண்டாவதாகப் போட்டிருந்த ஸ்பானிஷ் இமர்ஷன் சார்ட்டர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. பாடத்தில் பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம். வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள்.

ஸ்பானிஷ் எதற்கு என்று மாமியார் கேட்டார்கள். நான் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டில் நர்ஸ். எல் சால்வடாரிலிருந்து வந்து குடியேறிய பெண்கள் எங்கள் வார்டுக்கு நிறையப் பேர் வருவார்கள். வலியில் துடிக்கிறவளிடம் "எப்போதிலிருந்து வலிக்கிறது?" என்று கேட்பதற்கு, சக்கரம் வைத்த ஸ்டாண்டில் இருக்கும் ஐபேடைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் திரையில் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரம் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கும். என் மகள் இந்த ஊரில் வளரப்போகிறவள். இந்த ஊரில் பேசுகிற இரண்டு மொழியும் அவளுக்குச் சரளமாக வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

சார்ட்டர் பள்ளி என்றால் நிர்வாகம் தனி, ஆனால் அரசுப் பணத்தில் நடப்பதுதான், ஃபீஸ் கிடையாது. சிக்கல் பிற்பகல் 3:30-க்குப் பிறகு. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளை அங்கேயே பார்த்துக்கொள்கிற ஆஃப்டர்கேர் 6 மணி வரை, மாதம் 480 டாலர், பத்து மாதத்துக்கு. பதிவுக் கட்டணம் 75 தனி. வாரத்தில் மூன்று நாள் மட்டும் விடலாம், அதற்கு 340. ஆனால் எந்த மூன்று நாள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். எனக்கு வாரம் மூன்று ஷிஃப்ட்தான், காலை 7 முதல் இரவு 7:30 வரை. ஆனால் கிழமை மாறிக்கொண்டே இருக்கும். கணவருக்கு ராக்வில்லில் வேலை. ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் ஜார்ஜியா அவென்யூ நெரிசலில் சில நாள் 6-க்குள் வந்து சேர முடியாது. ஆறு மணியைத் தாண்டினால் நிமிஷத்துக்கு ஒரு டாலர்.

எங்கள் வட்டாரப் பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே ஆஃப்டர்கேர் எங்களுக்கு மாதம் 190 வரும் என்றார்கள். பி.கே. 4-இல் இன்னும் இடம் இருக்கிறதாம், லாட்டரிக்குப் பிந்தைய விண்ணப்பம் போட்டால் கிடைத்துவிடும் போல. நல்ல ஆசிரியர்கள், நல்ல பள்ளி. ஆனால் ஆங்கிலம் மட்டும்.

இப்போது டேகேருக்கு மாதம் 2,100 கட்டுகிறோம். அது முடியப்போகிறது என்று நினைத்தால், நவம்பரில் இரண்டாவது குழந்தை. அந்தப் பணம் திரும்பவும் டேகேருக்கே போய்விடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 டாலர் கூடுதலாகக் கொடுத்து ஸ்பானிஷ் பள்ளிக்கு அனுப்புவது சரிதானா? வீட்டில் பேசுகிற தமிழ் என்ன ஆகும் என்பதும் கவலை. மே மாதத் தொடக்கத்துக்குள் சேர்க்கைப் படிவமும் குடியிருப்புச் சான்றும் கொடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மவுண்ட் பிளசன்ட் அப்பா

வாழ்த்துகள் சிஸ்டர். என் பையன் வேறொரு ஸ்பானிஷ் இமர்ஷன் சார்ட்டரில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

முதலில் இடத்தைப் பற்றி. டி.சி.யில் பி.கே. 3, பி.கே. 4 வகுப்புகளுக்குத்தான் வட்டாரப் பள்ளியில்கூட லாட்டரி. கிண்டர்கார்டனிலிருந்து உங்கள் முகவரிக்கு உரிய பள்ளியில் இடம் உங்கள் உரிமை. எப்போது போய் நின்றாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இமர்ஷன் பள்ளியில் ஒரு வருஷம் போட்டுப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் அடுத்த ஆண்டு நடக்கிற தூரப் பள்ளிக்கே வந்துவிடலாம். இதையே திருப்பிச் செய்வது கடினம். மொழி தெரியாத பிள்ளையை மேல் வகுப்பில் சேர்க்க இமர்ஷன் பள்ளிகள் தயங்கும், லாட்டரியில் இடமும் சின்ன வகுப்புகளில்தான் அதிகம். இதோடு, மூத்தவள் அங்கே படித்தால் நவம்பரில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு லாட்டரியில் உடன்பிறப்பு முன்னுரிமை வரும். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்தே யோசியுங்கள்.

ஆஃப்டர்கேர் விஷயத்தில் விலையைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது, அந்த இரண்டரை மணி நேரம் எந்த மொழியில் போகிறது என்பதை. எங்கள் பள்ளியில் முதல் ஆண்டு வெளியார் ஒருவரிடம் ஒப்பந்தம் விட்டிருந்தார்கள். வந்த இளைஞர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் யாருக்கும் ஸ்பானிஷ் வராது. பையன் வகுப்பில் ஆசிரியை சொல்வதைப் புரிந்துகொள்வான், பதிலை ஆங்கிலத்தில் சொல்வான். மறு ஆண்டு பள்ளியே எடுத்து நடத்தியது. பகலில் வகுப்பில் இருக்கிற உதவி ஆசிரியைகளே மாலையிலும் இருந்தார்கள், பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற கொலம்பியா ஹைட்ஸ் பக்கத்துப் பெண்கள். அவர்கள் பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்து டாமினோ ஆடுவார்கள். ஒரு நாள் கூப்பிடப் போனபோது, என் பையன் யாரோ தன் முறையைத் தாண்டிவிட்டான் என்று ஸ்பானிஷில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். கை நீட்டி, புருவத்தை உயர்த்தி, ஸ்பானிஷ் பேசுகிற வீட்டுப் பிள்ளை மாதிரியே. வகுப்பில் கற்ற மொழி வாயில் வந்தது ஆஃப்டர்கேரில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டுப்பாடமும் அங்கேதான் முடிகிறது. நமக்கு ஸ்பானிஷ் தெரியாது, வாசிப்புப் புத்தகத்தை யார் கேட்பது? ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இருந்தால் 480 ஒன்றும் அதிகமில்லை. இல்லையென்றால் நான் கொடுக்க மாட்டேன். அதனால் கையெழுத்துப் போடும் முன், நான்கு மணி வாக்கில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அலுவலகத்தில் கேட்டால் "இரண்டு மொழியும் உண்டு" என்பார்கள். காதால் கேளுங்கள்.

அப்புறம், சார்ட்டர் பள்ளிகள் தங்கள் நாட்காட்டியைத் தாங்களே வகுத்துக்கொள்ளும். ஆசிரியர் பயிற்சி நாள், அரை நாள் என்று வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் ஆஃப்டர்கேர் உண்டா, தனிக் கட்டணமா என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்கு விடுமுறை நாள் ஒன்றுக்கு 85 டாலர். பட்ஜெட்டைக் கவிழ்ப்பது மாதக் கட்டணம் இல்லை, இதுவும் கோடைக்கால கேம்ப்பும்தான். கோடைக்கு நகரப் பூங்காத் துறை நடத்துகிற கேம்ப்கள் தனியார் கேம்ப்பை விட எவ்வளவோ மலிவு. பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும்.

பதில்: கணக்குப்பிள்ளை

வரி சலுகையைச் சேர்த்துத்தான் இரண்டு பள்ளியையும் ஒப்பிட வேண்டும்.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் ஆஃப்டர்கேர், பள்ளி தொடங்கும் முன் உள்ள பிஃபோர்கேர், கோடைப் பகல்நேர கேம்ப் எல்லாமே குழந்தைப் பராமரிப்புச் செலவில் வரும், பிள்ளைக்கு 13 வயது ஆகும் வரை. இரவு தங்குகிற கேம்ப் வராது. பியானோ வகுப்பு, டியூஷன் வராது. அலுவலகத்தில் டிபெண்டன்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. (வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து பராமரிப்புச் செலவுக்கு ஒதுக்கி வைக்கிற கணக்கு) இருந்தால் அதில் போடுங்கள். 2025-இல் குடும்பத்துக்கு 5,000 டாலர்தான் உச்சவரம்பு, 2026 முதல் 7,500. 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 7,500-க்கு வருமான வரி, சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் சேர்த்து ஏறக்குறைய 2,200 டாலர் மிஞ்சும். இந்த ஆண்டு அந்த வரம்பு டேகேரிலேயே தீர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு சின்னக் குழந்தையின் டேகேரிலேயே மறுபடி தீர்ந்துவிடும். அதாவது எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் உங்களுக்கு இந்தச் சலுகை ஒரே அளவுதான். ஆஃப்டர்கேருக்கு வரி மிஞ்சும் என்று நம்பி முடிவெடுக்காதீர்கள். வரித் தாக்கலில் படிவம் 2441-இல் கோருகிற குழந்தைப் பராமரிப்பு வரிக்கழிவும் கைகொடுக்காது. இரண்டு பிள்ளைக்கு 6,000 டாலர் செலவுக்குத்தான் அது, எஃப்.எஸ்.ஏ.யில் எடுத்ததை அதிலிருந்து கழித்துவிடுவார்கள்.

ஆஃப்டர்கேர் வேண்டாம், பக்கத்து வீட்டில் ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைத்தால், அவருடைய வரி எண் இல்லாமல் சலுகை கோருவது கடினம். அதையும் மனதில் வையுங்கள்.

பதில்: பிரைட்வுட் அக்கா

தங்கச்சி, நான் இந்த ஊர்ப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள். டி.சி.க்கு இருமொழிப் பள்ளி புதிதில்லை. இன்று ஆய்ஸ்டர் ஆடம்ஸ் என்கிற அரசுப் பள்ளியில் 1971-லேயே ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆங்கிலம் பின்தங்குமோ என்று பயப்பட வேண்டாம். 1965-இல் மான்ட்ரியல் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற இடத்தில், ஆங்கிலம் பேசுகிற பெற்றோர்கள் விடாமல் கேட்டு, தங்கள் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு இமர்ஷன் வகுப்பு தொடங்க வைத்தார்கள். வாலஸ் லாம்பர்ட், ரிச்சர்ட் டக்கர் என்ற ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பு கொஞ்சம் பின்தங்கியது, ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் மற்றவர்களை எட்டிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி ஆங்கிலம். கடை, தொலைக்காட்சி, தெரு எல்லாம் அதைத் தாங்கிப் பிடித்தன. உன் மகளின் வீட்டு மொழி தமிழ். அதைத் தாங்கிப் பிடிக்க இந்த ஊரில் நீங்கள் இரண்டு பேரும்தான் இருக்கிறீர்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

காலை எட்டரைக்குப் பள்ளி, மாலை ஆறு வரை ஆஃப்டர்கேர், ஆறரைக்குச் சாப்பாடு, எட்டுக்குத் தூக்கம் என்றால் வாரநாளில் பிள்ளை காதில் தமிழ் விழ எவ்வளவு நேரம் மிஞ்சும்? உனக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில் 3:30-க்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு. பணம் கட்டிவிட்டோமே என்று ஐந்து நாளும் விடாதே. அந்த மாலைகளில் வீட்டில் தமிழ் மட்டும். சமைக்கும்போது வெங்காயம் உரிக்கச் சொல், பருப்பு அளக்கச் சொல், நடந்ததைச் சொல்லச் சொல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எழுத்தைக் கற்றுத்தரும், பேச்சு சமையலறையில்தான் வரும்.

அதனால் ஐந்து நாள் திட்டமே உனக்கு வேண்டாம் என்பேன். பள்ளியிடம் கிழமையை மாற்றக் கேட்பதை விட, உன் வார்டில் ஷிஃப்டை நிலையாக்கக் கேட்டுப் பார். வார இறுதி ஷிஃப்ட் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் மேற்பார்வையாளர்கள் இறங்கி வருவார்கள். மொழியைப் பாதியில் விட வேண்டி வருமோ என்றும் யோசிக்காதே. 2014-இல் தொடங்கிய டி.சி. இன்டர்நேஷனல் பள்ளிக்கு டி.சி.யின் பல இமர்ஷன் சார்ட்டர் பள்ளிகளிலிருந்து முன்னுரிமையோடு போகலாம், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. ஜார்ஜியா அவென்யூவை ஒட்டிய பழைய வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. உன் பள்ளி அந்தப் பட்டியலில் உண்டா என்று கேட்டுக்கொள்.

பெட்வொர்த் நர்ஸ்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்னபடி நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தேன். விளையாட்டுத் திடலில் இரண்டு பெண்கள் கயிறு சுற்ற, பிள்ளைகள் ஸ்பானிஷில் எண்ணிக்கொண்டே குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னவள் முட்டியில் சிராய்ப்போடு வந்து ஸ்பானிஷிலேயே அழுதாள், ஸ்பானிஷிலேயே சமாதானம் செய்தார்கள். எனக்கு அது போதும்.

அக்கா, உங்கள் யோசனைப்படி மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஒன்றுவிட்டு ஒரு வாரம் வார இறுதி பார்க்கிறேன் என்றதும், வாரநாள் ஷிஃப்டை செவ்வாய், புதன், வியாழனுக்குள் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். ஆக மூன்று நாள் திட்டம், பதிவோடு ஆண்டுக்கு 3,475. வட்டாரப் பள்ளியை விட 1,575 அதிகம், அதைச் சமாளித்துவிடுவோம். செவ்வாய், வியாழனில் கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப்போகிறார், தாமதக் கட்டணமும் புதனோடு நிற்கும். நாளை படிவம் கொடுக்கிறோம்.

இன்னும் ஒன்று மட்டும். நவம்பரில் பிரசவம், டி.சி. குடும்ப விடுப்பில் 12 வாரம் வீட்டில் இருப்பேன். அந்த மாதங்களுக்கு ஆஃப்டர்கேரை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: மவுண்ட் பிளசன்ட் அப்பா

நிறுத்தாதீர்கள் சிஸ்டர். காத்திருப்போர் பட்டியல் உள்ள பள்ளியில் ஜனவரியில் விட்டால் பிப்ரவரியில் திரும்பக் கிடைக்காது. இரண்டு நாள் திட்டம் இருந்தால் அதற்கு இறங்கலாமா என்று மட்டும் கேளுங்கள். இடம் கையில் இருக்கும்.

பதில்: கணக்குப்பிள்ளை

விடுப்பில் இருக்கிற மாதங்களின் ஆஃப்டர்கேர் ரசீதை எஃப்.எஸ்.ஏ.யில் கோராதீர்கள். வேலைக்குப் போவதற்காகச் செய்த செலவுக்குத்தான் அந்தச் சலுகை. ஓரிரு வாரம் விடுப்பு என்றால் பரவாயில்லை, பிரசவ விடுப்பு போன்ற நீண்ட விடுப்பு அதில் வராது. நவம்பரில் அடுத்த ஆண்டுக்கான எஃப்.எஸ்.ஏ. தொகையை அலுவலகத்தில் எழுதித் தரும்போது ஜனவரி, பிப்ரவரியை விட்டுக் கணக்குப் போடுங்கள்.